பிழைச் செய்தியின் கடைசி வரி

மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் யாரும் என்னைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நீங்கள் வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஓய்வு பெற்றேன். புதியவர்கள் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மேலாளர் குமரவேல் கேட்டார். தொழில்நுட்பம் எழுத நான் ஆள் இல்லை. அதற்கு உங்களிடம் பயிற்சிக் காணொளிகள் இருக்கின்றன. சிதம்பரத்தில் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் நடந்ததை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் பத்திரிகையிலிருந்து இந்தக் கணினித் தொழிலுக்கு வந்தவள். கடலூரில் நிருபராக இருந்தேன், பிறகு உதவி ஆசிரியர் மேசையில். மாவட்டப் பக்கங்களைக் குறைத்தபோது, வாடிக்கையாளர்களுக்குப் புரியும்படி எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று இங்கே கூப்பிட்டார்கள். கிளவுட் என்றால் என்ன என்பதையே வேலையில் சேர்ந்த பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பத்திரிகையில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. முக்கியமான விஷயம் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும். பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் செய்தியை வாலிலிருந்துதான் வெட்டுவார்கள். வாசகரும் அப்படியே பழகிவிட்டார். இரண்டு பத்தி படிப்பார், அடுத்த செய்திக்குப் போய்விடுவார். கணினியின் பிழைச் செய்திகளை எழுதுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அவர்கள் பதற்றத்தைத் தலையில் வைப்பார்கள், சேதியை வாலில் வைப்பார்கள்.

நஸ்ரின் பரங்கிப்பேட்டைப் பெண். சிதம்பரத்தில் பட்டம் முடித்தவள். திருமணமான கையோடு எங்களிடம் பயிற்சிக்குச் சேர்ந்தாள். கணவர் ஜித்தாவில் ஏ.சி. மெக்கானிக். அவர்கள் வீடுகளில் கணவரை மச்சான் என்றுதான் அழைப்பது. அலுவலகத்திலும் அவள் அப்படியே சொல்வாள். முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நாங்களும் "மச்சான் போன் பண்ணாரா?" என்று கேட்கப் பழகிவிட்டோம்.

அவளுடைய பயிற்சிக் காலம் முடிகிற நேரத்தில் சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் எங்களுக்குப் புதிதாகக் கிடைத்தது. நோயாளிகளின் பழைய ஸ்கேன் படங்கள் கிளவுடில் ஓர் இடத்தில் குவிந்து கிடந்தன. அவற்றைப் பிரித்து வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். உலாவியில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் செய்கிற அளவு இல்லை. அதற்கென்று ஒரு கமாண்ட் லைன் கருவி இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஆயிரம் படங்களும் சேர்ந்து நகரும். ஒரு வரி தப்பாகத் தட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குமரவேல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். சிதம்பரம் வேலையை நஸ்ரின் தன் கையால் முடித்தால் அந்த வாடிக்கையாளர் அவள் பொறுப்பு, வேலையும் நிரந்தரம். முடியாவிட்டால் அலுவலகத்தில் இருக்கும் கம்மாபுரத்துப் பாலு பார்த்துக்கொள்வான், நஸ்ரினைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். பிறகு யோசிக்கலாம் என்று அவர் சொன்னால் அதன் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்கேன் சென்டர் ஊழியர்களுக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுத வேண்டியிருந்ததால் நானும் போனேன். கடலூரில் நான் ஏறிய பேருந்தில் முட்லூரில் நஸ்ரின் ஏறினாள். மடிக்கணினிப் பையை மார்போடு அணைத்தபடி கூட்டத்தில் ஒதுங்கி ஒதுங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அலுவலகத்தில் அவள் எங்கள் மேசைக் கணினியில்தான் வேலை செய்வாள். வெளியே போகும்போது பயிற்சியாளர்கள் சொந்த மடிக்கணினியை எடுத்துப் போவது அன்றைய வழக்கம். இப்போது அது கிடையாது.

"நேத்தே டூலு போட்டு பாத்துட்டேன் மேடம். மொதல்ல அப்படி ஒரு கமாண்டே இல்லன்னுச்சு. அந்தக் கறுப்பு ஜன்னல மூடி திறந்தா சரியாயிடுச்சு. வெர்ஷன் கேட்டா சொல்லுது."

"உள்ள போயி ஏதாவது எடுத்து பாத்தியா?"

"கீ இன்னிக்குதான குடுக்குறேன்னாரு சார். இன்னும் உள்ள போகல."

மச்சானிடம் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பனா? அவுங்களுக்கு அங்க ஒப்பந்தம் முடியப்போவுது மேடம். உனக்கு வேலை நிரந்தரம்னு சொல்லிட்டா நான் புதுப்பிக்காம வந்துடுறேன், கொஞ்ச நாளு உன் சம்பளத்துல இருந்துக்கலாம், இங்கயே ஏ.சி. வேலை கிடைக்கும்னாங்க. இல்லாட்டி இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வரேன்னாங்க." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷத்த சாதாரணமா சொல்றாங்க."

பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. அவள் ஆற்றைப் பார்க்கவில்லை, பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் சென்டரில் பதிவு மேசைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை கொடுத்திருந்தார்கள். குமரவேல் முன்னமே வந்து தன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். உரிமையாளர் டாக்டரம்மா எட்டிப் பார்த்து, மதியம் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்விடுவேன், அதற்குள் எனக்குக் காட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குமரவேல் கீயை அனுப்பினார். கீ என்றால் அந்தக் கருவி நம்மை அடையாளம் காட்டப் பயன்படுத்தும் ரகசிய எழுத்துக் கோவை. நஸ்ரின் அதைப் பதிந்தாள். இருப்பதையெல்லாம் பட்டியல் போடச் சொல்லி முதல் கட்டளையைத் தட்டினாள்.

பட்டியல் வரவில்லை. நீளமாக ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி வந்தது. கையொப்பம் பொருந்தவில்லை என்று அது ஆரம்பித்தது.

"கீய ஒட்டும்போது கடைசி எழுத்து விட்டுப் போயிருக்கும். எல்லாரும் பண்றதுதான். மறுபடி போடு" என்றார் குமரவேல்.

மறுபடி போட்டாள். அதே செய்தி. புதுக் கீ உருவாக்கிக் கொடுத்தார். அதே செய்தி. கருவியை முழுதாக நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவச் சொன்னார். அதே செய்தி. நஸ்ரினின் கீயைத் தன் மடிக்கணினியில் போட்டு அதே கட்டளையைத் தட்டினார். பட்டியல் சரசரவென்று ஓடியது.

"இங்க வருது பாரு."

நஸ்ரின் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் இருக்கைக்கு வந்தாள். பாலுவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். பாலு விவரம் முழுவதையும் கேட்டான்.

"எல்லாம் சரியாத்தான நஸ்ரின் பண்ணியிருக்க. ஒரு தட்டு தட்டி பாரேன். எங்கூட்டு டிவி அப்படித்தான் படம் காட்டும்."

"சார் பக்கத்துல இருக்காரு பாலு."

"அய்யோ. சார், வணக்கம் சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

குமரவேல் சிரிக்கவில்லை. மடிக்கணினியை மூடாமல், நாற்காலியை மட்டும் பின்னால் தள்ளி எழுந்தார்.

"நானே இதுல முடிச்சிடுறேன்மா. டாக்டரம்மா கெளம்பிடுவாங்க."

"சார், உங்க லேப்டாப்ப குடுத்தீங்கன்னா நானே பண்ணிடுவேன். கமாண்டெல்லாம் தெரியும் சார்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். அடுத்த வாரம் நீ தனியா வந்து நிப்ப. அப்ப யாரு லேப்டாப்ப கேப்ப? உன் தப்புன்னு நான் சொல்லல. காரணம் தெரியாத மிஷினோட உன்ன கஸ்டமர்கிட்ட அனுப்ப முடியாது." அவர் குரல் உயரவே இல்லை. "டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள வந்தா வரட்டும். இல்லன்னா பாலுகிட்ட குடுத்துடுவோம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அநியாயமாக எதையாவது சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் அவரைத் திட்டியாவது பொழுதைப் போக்கியிருப்போம்.

நஸ்ரின் கருவியை இன்னொரு முறை நீக்கப் போனாள். அவள் விரல்கள் வேகமாக ஓடின, கண்கள் திரையில் இல்லை. அப்படி ஒரு நிலையை நீங்களும் சந்திப்பீர்கள். ஏற்கெனவே செய்து பலிக்காத ஒன்றை, வேறு என்ன செய்வது என்று தெரியாததால், மறுபடியும் செய்யத் தோன்றும். கை சும்மா இருந்தால் பயம் வரும் என்பது மட்டுமே அதற்குக் காரணம்.

"இரு. மொதல்ல அந்தச் செய்திய படி" என்றேன்.

"படிச்சிட்டேன் மேடம். கையொப்பம் பொருந்தலன்னு வருது."

"அது தலைப்பு. சத்தமா படி. புள்ளி வர்ற வரைக்கும் படி."

பத்திரிகையில் ஏலம், டெண்டர் அறிவிப்புகளை இரண்டு பேர் உட்கார்ந்து சரிபார்ப்போம். ஒருவர் உரக்க வாசிப்பார், இன்னொருவர் அச்சில் விரல் வைத்துப் போவார். எண்களைக் கண்ணால் மட்டும் பார்த்தால் மனம் தாண்டிவிடும். வாயால் சொன்னால் தாண்டாது. எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான், அதனால் அதைச் செய்யச் சொன்னேன்.

நஸ்ரின் வாசித்தாள். கையொப்பம் பொருந்தவில்லை, கையொப்பம் காலாவதியாகிவிட்டது என்று வந்தது. பிறகு ஒட்டி ஒட்டி ஒரு நீண்ட எண். அதற்குப் பின் "என்பது" என்ற பொருளில் ஏதோ. பிறகு இன்னொரு நீண்ட எண். "என்பதற்கு முந்தையதாக இருக்கிறது" என்று முடிந்தது. எண்களைத் தொலைபேசி எண் மாதிரி ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். இரண்டும் ஒரே மாதிரி ஆரம்பித்தன, நடுவில் பிரிந்தன.

"திரும்பச் சொல்லு."

இரண்டாம் முறை சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டாள்.

"மேடம், இது சீரியல் நம்பர் இல்ல. வருஷம், மாசம், தேதி. அப்புறம் மணி. ரெண்டுமே டைம் மேடம்."

அந்த நேரங்கள் நம் நேரக் கணக்கில் இல்லை, உலகப் பொது நேரத்தில் இருந்தன. அதனால்தான் யார் கண்ணிலும் நேரமாகப் படவில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இரண்டரை மணி இடைவெளி இருந்தது. சுவரில் கடிகாரம் பதினொன்றே முக்காலை நெருங்கிக்கொண்டிருந்தது. நஸ்ரினின் மடிக்கணினியில், வலது பக்கக் கீழ் மூலையில், ஒன்பதே கால் ஆகப்போகிறது.

இன்னொருவர் கணினியில் மணி பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. அவரவர் கையில் போன் இருக்கிறது. அதோடு அங்கே இருந்ததும் ஒரு காலை நேரம்தான். பாதிராத்திரியைக் காட்டியிருந்தால் யாராவது கவனித்திருப்போம்.

விஷயம் இதுதான். அந்தக் கருவி ஒவ்வொரு கட்டளையையும் கீயும் நேரமும் கலந்த ஒரு கையொப்பத்தோடு அனுப்புகிறது. யாராவது பழைய கட்டளையைத் திருடி வைத்துப் பிறகு அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக, சற்று முன் போட்ட கையொப்பத்தை மட்டுமே கிளவுட் ஏற்றுக்கொள்ளும். நஸ்ரின் தட்டிய ஒவ்வொரு கட்டளையும் இரண்டரை மணி நேரம் பழையதாகவே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. கீயை எத்தனை தடவை மாற்றினாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

"இது எப்படிம்மா?" என்றேன்.

அவள் துப்பட்டாவின் முனையைச் சரி செய்தாள்.

"சவூதி டைம் மேடம். மச்சான் போனதுலேருந்து லேப்டாப்ப அந்த டைமுலதான் வச்சிருக்கேன். போன்ல வைக்க முடியாது. அதுல வாங்கு சொல்ற ஆப் இருக்கு, தொழுகை நேரம் தப்பாயிடும். அதனால போன்ல நம்ம டைம், லேப்டாப்ல அவுங்க டைம்."

"ரெண்டரை மணி நேரத்த கழிச்சா தெரியப்போவுது."

"கழிக்கத் தெரியாம இல்ல மேடம்." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கழிக்கும்போதுதான் அவுங்க அவ்ளோ தூரத்துல இருக்காங்கன்னு தெரியுது. இதுல பாத்தா, இப்ப ஏணி மேல இருப்பாங்க, இப்ப டீ குடிப்பாங்கன்னு நேரா தெரிஞ்சிடும்."

சொல்லி முடித்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. எனக்கும் அதே நேரத்தில்தான் நினைவு வந்தது.

அதற்கு முந்தைய வருடம் ஒரு பயிற்சியாளரை குமரவேல் வேலையை விட்டு அனுப்பியிருந்தார். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் அவன் மடிக்கணினியின் கடிகாரத்தைத் திருப்பி வைத்து, வேலை நேரத்தைக் கூட்டிக் காட்டியிருந்தான். குமரவேல் அவனை மிகவும் நம்பியிருந்தார். அதன் பிறகு கடிகாரம் என்று யாராவது பேச்செடுத்தால்கூட அவர் நெற்றி சுருங்கும். நஸ்ரினும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவள்.

"சார் இத எப்படி எடுத்துக்குவாரு மேடம்?"

"தெரியல."

"டைம மாத்திட்டா ஓடிடும், இல்ல?"

"ஓடிடும். அவரு வரும்போது ஓடிக்கிட்டிருக்கும். என்ன ஆச்சுன்னு கேட்டா என்ன சொல்றதுங்கிறது உன் இஷ்டம். எங்கிட்ட கேட்டா, நஸ்ரின கேளுங்கன்னு சொல்லிடுவேன்."

அவள் நேர அமைப்பைத் திறந்தாள். தானாகச் சரிசெய்யும் பொத்தான் திரையில் இருந்தது. அதை ஒரு முறை அழுத்தினால் போதும். வாசல் பக்கம் குமரவேலின் குரல் கேட்டது. டாக்டரம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டே வருகிறார். நஸ்ரின் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் மேடம். சார் பாக்கட்டும். சரி பண்ணிட்டு சொன்னா, நான் சொல்றத அவரு நம்பணும். இப்படியே இருந்தா அவரே பாத்துக்குவாரு."

இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். கோளாறைக் கண்டுபிடித்த அடுத்த நொடி கை தானாகச் சரிசெய்யப் போகும். சரிசெய்தபின் அதற்கு ஆதாரம் எதுவும் மிஞ்சாது, நம் வார்த்தை மட்டும்தான் மிஞ்சும். நம் வார்த்தைக்கு இன்னும் மதிப்பு ஏற்படாத காலத்தில், பயிற்சிக் காலம் அப்படிப்பட்டதுதான், கோளாறைக் கோளாறாகவே காட்டுவது நல்லது. அன்று அவளுக்கு இந்த யோசனை எல்லாம் ஓடியதா, பயத்தில் கை நின்றதா என்று நான் கேட்டதில்லை.

குமரவேல் இரண்டு கைகளிலும் காகிதக் குவளையில் டீயோடு வந்தார். எங்களுக்கு வாங்கி வந்திருந்தார்.

"சார், காரணம் தெரிஞ்சிடுச்சு. இன்னும் சரி பண்ணல. நீங்க பாக்கணும்." திரையின் மூலையைக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"கடிகாரமா?"

"ஆமா சார்."

"தானா போச்சா, யாராச்சும் மாத்துனாங்களா?"

"நான்தான் சார் மாத்துனேன்."

டீயைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு குவளைகளையும் பிடித்தபடியே நின்றார்.

"போன வருஷம் ஒருத்தன் இதத்தான் பண்ணான். அவனும் நல்லாத்தான் பேசுனான்."

"பாலு சொல்லியிருக்கான் சார்."

"அப்புறம் எதுக்கு மாத்துன?"

"இது சவூதி டைம் சார். அவுங்க அங்க இருக்காங்க இல்ல. அவுங்க டைம் தெரியணும்னு வச்சேன்."

"அதுக்கு நேர மண்டலத்த மாத்துனா போதாதா? கடிகாரத்தையே எதுக்கு திருப்புன?"

குற்றம் சாட்டுகிற தொனியிலிருந்து அவர் எஞ்சினியர் தொனிக்கு வந்துவிட்டதை நான் கவனித்தேன். நஸ்ரினும் கவனித்திருக்க வேண்டும், குரல் சற்று நிதானமானது.

"மொதல்ல மண்டலத்ததான் மாத்துனேன் சார். நம்ம மீட்டிங் எல்லாம் சவூதி டைமுக்கு மாறி காட்டுச்சு. ஒரு மீட்டிங்குக்கு லேட்டா வந்தேன், நீங்ககூட திட்டுனீங்க."

"ஞாபகம் இருக்கு."

"அதனால மண்டலத்த இந்தியாவுலயே விட்டுட்டு மணிய மட்டும் திருப்பிட்டேன். மீட்டிங்கும் சரியா காட்டுச்சு, அவுங்க டைமும் தெரிஞ்சுது. ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன் சார்."

"ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார் குமரவேல். "மண்டலத்த மாத்துனா, அதே நேரத்த வேற ஊர்லேருந்து பாக்குற. மணிய மாத்துனா நேரமே தப்பு. சரி, நம்ம வருகைப் பதிவு?"

"அது ஆபீஸ் சர்வர்லேருந்து டைம் எடுத்துக்குது சார். போன வருஷத்துக்கு அப்புறம் நீங்கதான மாத்துனீங்க."

உண்மைதான். அவரே மாற்றி, அவரே எங்களுக்கு அறிவிப்பும் அனுப்பியிருந்தார். அதை எழுதிக் கொடுத்தவள் நான். கோபம் முந்திக்கொண்டதில் மறந்துவிட்டார். இரண்டு குவளைகளையும் என்னிடம் நீட்டினார். போனை எடுத்து எதையோ தேடித் திறந்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டீ என் கைகளைச் சுட்டது, ஆனால் அந்த நேரத்தில் நகரத் தோன்றவில்லை.

"ஒரு நாளுகூட லேட்டா ஆரம்பிக்கல" என்றார் கடைசியில். போனைச் சட்டைப் பையில் போட்டார். "மாத்து."

நஸ்ரின் பொத்தானை அழுத்தினாள். மூலையில் இருந்த எண் ஒரு கணம் அப்படியே இருந்தது, பிறகு சுவர்க் கடிகாரத்தோடு சேர்ந்துகொண்டது. அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கறுப்புத் திரைக்கு வந்து கட்டளையைத் தட்டினாள். பட்டியல் ஓடியது. குமரவேல் தன் மடிக்கணினியை மூடினார்.

"அந்தச் செய்திய நானும்தான் படிச்சேன் மேடம்" என்றார் என்னிடம். "கையொப்பம்னு பாத்ததும் கீதான்னு முடிவு பண்ணிட்டேன். மீதி கண்ணுல படல."

அனுபவம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நேரும். நூறு தடவை கீதான் காரணமாக இருந்திருக்கும். அடுத்த தடவையும் அதுவாகத்தான் இருக்கும் என்று கை போகும். நீங்கள் இன்னும் அந்த நூறு தடவையைப் பார்க்கவில்லை. அது இப்போதைக்கு உங்களுக்கு ஒரு வசதி.

டாக்டரம்மா வந்து நஸ்ரினின் பின்னால் நின்றார்.

"ஏம்மா, பேஷண்ட் படமெல்லாம் அழிஞ்சிடாதே?"

குமரவேல் வாய் திறக்கப் போனார். நஸ்ரின் முந்திக்கொண்டாள்.

"மொதல்ல கொஞ்சம் படம் மட்டும் காப்பி பண்றேன் டாக்டர். பழைய எடத்துல இருக்குறது அப்படியே இருக்கும். புது எடத்துல நீங்க திறந்து பாத்து, தெளிவா இருக்குன்னு சொன்னப்புறம்தான் மீதி."

"அப்போ நான் சரின்னு சொல்ற வரைக்கும் பழசுல கை வைக்க மாட்ட?"

"வைக்க மாட்டேன் டாக்டர்."

அவர் ஒரு முதுகுத்தண்டு ஸ்கேனைத் திறந்து, பெரிதாக்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். சரி என்றார். நஸ்ரின் அடுத்த கட்டளையைத் தட்டுவதற்கு முன் ஒவ்வொரு வார்த்தையாக உதட்டுக்குள் படித்துக்கொண்டாள். புள்ளி வரை படித்தாள். டாக்டரம்மா அன்று வார்டுக்குத் தாமதமாகவே போனார். படங்கள் நகர்ந்து முடிய மதிய உணவு நேரமும் தாண்டிவிட்டது. நாங்கள் ஆறிப்போன டீயைக் குடித்தோம், ஸ்கேன் சென்டர்க்காரர்கள் தக்காளி சாதப் பொட்டலம் வரவழைத்துக் கொடுத்தார்கள்.

வார்டிலிருந்து திரும்பிய டாக்டரம்மா இன்னும் சில படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, இனி ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது என்று குமரவேலைக் கேட்டார்.

"நஸ்ரின கூப்புடுங்க டாக்டர். இனிமே உங்க வேலைய அவங்கதான் பாப்பாங்க. எங்க நிரந்தர ஊழியர்தான்."

அவளை அவர் 'அவங்க' என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. நஸ்ரின் தலையைக் குனிந்தபடியே தன் நம்பரை ஒரு தாளில் எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தாள்.

டாக்டரம்மா போன பிறகு, நஸ்ரின் மடிக்கணினியை மூடப் போனாள். மூடுவதற்கு முன் மூலையில் இருந்த மணியை இன்னொரு முறை பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. கழித்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. குமரவேலுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"இரும்மா, மூடாத. கொஞ்சம் நகரு."

அவர் உட்கார்ந்து நேர அமைப்பைத் திறந்தார். கூடுதலாக ஒரு கடிகாரம் வைக்கிற வசதி அதில் இருக்கிறது. பல வருடங்களாக எல்லோர் கணினியிலும் இருப்பதுதான், அந்த அறையில் அவரைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நாடுகளின் பட்டியலில் சவூதி நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

"மவுஸ இந்த மூலைக்கு கொண்டு போனா ரெண்டு டைமும் காட்டும். மேல நம்மளுது, கீழ அவருது. இதுக்கு ஒரு பேரு கேக்குது. ஜித்தான்னு போட்டுரட்டுமா?"

நஸ்ரின் விசைப்பலகையைப் பார்த்தாள்.

"இன்னாம்மா? என்ன பேரு வேணுமோ நீயே போட்டுக்க." எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவள் தட்டினாள். வந்து பார்க்கச் சொன்னபோது குமரவேல் குனிந்து பார்த்தார். மேலே உள்ளூர் நேரம் என்று இருந்தது. கீழே மச்சான் என்று இருந்தது.

"தமிழ் எடுத்துக்குதே" என்று மட்டும் சொன்னார். பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நஸ்ரின் மவுஸை இன்னொரு முறை அந்த மூலைக்குக் கொண்டு போனாள். அங்கே மதியத் தொழுகை முடிந்து சாப்பிட உட்காருகிற நேரம். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனாள். என் பையை எடுக்க நானும் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. மணி அடித்து, எடுத்து, சலாம் சொல்லி முடிவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"புதுப்பிக்காதீங்க மச்சான். வந்துருங்க."

அதற்கு மேல் காது கொடுத்துக் கேட்டால் அது நிருபர் வேலை. நான் திரும்பி அறைக்குள் வந்து, அவளுடைய மடிக்கணினியைப் பையில் வைத்து ஜிப்பை மூடினேன்.